மெயில் ஃபைல் தொலைந்தால், திறக்க மறுத்தால்: அறிகுறியைப் பார்த்து மீட்கும் முறை

பழுதான மெயில் ஃபைலைவிட, அவசரத்தில் யாரோ பழுதுபார்த்து வைத்த மெயில் ஃபைலை மீட்பதுதான் கடினம். அதனால் கீழே எந்த அறிகுறி உங்களுடையதாக இருந்தாலும் மூன்று வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள்.

மெயில் புரோகிராமை மூடுங்கள். மூடிய பிறகு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். அடுத்து, ஃபைல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அவுட்லுக் மெயிலைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல் வழக்கமாக டாக்குமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். சர்வரில் உள்ள மெயிலின் நகலை வைத்திருக்கும் ஓஎஸ்டி ஃபைல் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாப்ட், அவுட்லுக் என்று உள்ளே உள்ளே போனால் கிடைக்கும். தண்டர்பேர்ட் என்றால் ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்ட், புரொஃபைல்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். எக்ஸ்புளோரரில் மறைந்தவற்றைக் காட்டும் தெரிவை டிக் செய்யுங்கள். மூன்றாவது வேலை, அந்த ஃபைலை வேறொரு டிரைவில் காப்பி எடுப்பது. சோதனை, பழுதுபார்ப்பு எல்லாம் காப்பியில்தான்.

காப்பி எடுக்கும்போதே பாதியில் நின்றால், அல்லது டிரைவிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், மற்ற எதையும் படிக்காமல் 'டிரைவே சரியில்லை' பகுதிக்குப் போங்கள்.

இன்னொரு கேள்வி: அக்கவுன்ட் எந்த வகை? ஐமேப், எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாப்ட் 365 என்றால் மெயில் சர்வரில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருப்பது நகல். பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து பாருங்கள், அங்கே எல்லாம் இருந்தால் மீட்பு வேலையே தேவையில்லை. பாப் என்றால் நிலைமை வேறு. 'சர்வரில் ஒரு காப்பி விட்டுவை' என்ற தெரிவு இல்லாமல் இறக்கிய மெயில் அந்த டிரைவில் மட்டும்தான் இருக்கும். சொந்த டொமைனில் மலிவான ஹோஸ்டிங் மெயில் வைத்திருக்கும் சிறு அலுவலகங்கள் பெரும்பாலும் இந்த வகை. அவர்கள்தான் கீழே உள்ளதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

## அறிகுறி: அவுட்லுக் திறக்கிறது, மெயில் மட்டும் காணோம்

ஃபைல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். செலவில்லாத காரணங்களிலிருந்து தொடங்குங்கள்.

வியூவில் ஃபில்டர். தெரியாமல் விரல் பட்டு 'படிக்காதவை மட்டும்' என்று மாறியிருக்கும். வியூ தாவலில் 'ரீசெட் வியூ' அழுத்துங்கள்.

ஃபோல்டரில் தெரிகிறது, தேடினால் வரவில்லை. மெயில் தொலையவில்லை, தேடல் அட்டவணைதான் கெட்டிருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ரீபில்டு. பெரிய மெயில் பெட்டிக்கு ஒரு இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

ஒரு வருடத்துக்கு முந்தையது மட்டும் இல்லை. எக்ஸ்சேஞ்ச் அல்லது 365 அக்கவுன்டில், எத்தனை மாத மெயிலை கம்ப்யூட்டரில் வைப்பது என்று ஒரு ஸ்லைடர் உண்டு. அக்கவுன்ட் செட்டிங்ஸில் அக்கவுன்டை இரட்டைக் கிளிக் செய்து, அதை 'ஆல்' வரை தள்ளுங்கள்.

ஆட்டோ ஆர்க்கைவ். பழைய மெயிலை அவுட்லுக்கே ஆர்க்கைவ் என்ற பெயருள்ள தனி பிஎஸ்டிக்கு நகர்த்தியிருக்கும். டிரைவ் முழுக்க பிஎஸ்டி என்று முடியும் ஃபைல்களைத் தேடுங்கள். கிடைப்பதை ஃபைல், ஓப்பன், அவுட்லுக் டேட்டா ஃபைல் வழியாகத் திறங்கள். ஆபீஸை மறுபடி போட்ட பிறகு புதிய காலி பிஎஸ்டி ஒன்றை அவுட்லுக் உருவாக்கிக்கொண்டு, பழையது பக்கத்திலேயே சும்மா கிடப்பதும் இந்தத் தேடலில்தான் தெரியவரும்.

புதிய அவுட்லுக்குக்கு மாறிவிட்டது. அதில் பிஎஸ்டி ஃபோல்டர்கள் பழையபடி தெரியாது. மேல் மூலையில் உள்ள பொத்தானை அணைத்து, பழைய அவுட்லுக்குக்குத் திரும்பிப் பாருங்கள்.

வேறு கம்ப்யூட்டர் இறக்கிவிட்டது. ஒரே பாப் அக்கவுன்டை இரண்டு இடத்தில் போட்டிருந்தால், முதலில் இறக்கியது சர்வரிலிருந்து அழித்திருக்கலாம். முன்பு பயன்படுத்திய லேப்டாப்பையும் போனையும் பார்க்காமல் 'தொலைந்தது' என்று முடிவு கட்டாதீர்கள்.

யாரோ அழித்துவிட்டார்கள். முதலில் டெலீட்டட் ஐட்டம்ஸ். அங்கும் இல்லாமல் எக்ஸ்சேஞ்ச் அல்லது 365 அக்கவுன்டாக இருந்தால், 'சர்வரிலிருந்து அழித்தவற்றை மீட்டெடு' என்ற தெரிவு இருக்கிறது. இயல்பான அவகாசம் 14 நாள். நிர்வாகி 30 நாள் வரை நீட்டியிருக்கலாம். ஜிமெயில் குப்பைத்தொட்டிக்கு 30 நாள். பிஎஸ்டிக்குள்ளேயே ஷிஃப்ட் டெலீட் செய்திருந்தால், அழித்த மெயில் ஃபைலுக்குள் இன்னும் கிடக்க வாய்ப்புண்டு. மீட்புக் கருவியால் எடுக்கலாம். ஆனால் அதற்குள், காலி இடத்தை நீக்கி ஃபைலைச் சுருக்கும் 'காம்பாக்ட் நவ்' அழுத்தினால் அந்த வாய்ப்பு போய்விடும். புது மெயில் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். எனவே அந்தக் கணமே அவுட்லுக்கை மூடுங்கள்.

## அறிகுறி: ஃபைலைத் திறக்க முடியவில்லை, அல்லது வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்கிறது

இதுவும் பெரும்பாலும் பழுதல்ல. பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும் அவுட்லுக்கை டாஸ்க் மேனேஜரில் முடித்துவிட்டு, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே அவுட்லுக்கைத் திறந்தால் சேஃப் மோடில் வரட்டுமா என்று கேட்கும். அதில் சரியாகத் திறந்தால் குற்றவாளி ஏதோ ஒரு ஆட்-இன், அதாவது அவுட்லுக்கோடு ஒட்டி ஓடும் துணை நிரல். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

டிவிடியிலிருந்தோ பழைய டிரைவிலிருந்தோ காப்பி செய்த ஃபைல் என்றால், பிராப்பர்ட்டீஸில் 'ரீட் ஒன்லி' டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்லுக் எழுத முடியாத பிஎஸ்டியைத் திறக்காது.

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் எடுத்துக்கொண்டிருந்தால் தனித் தொல்லை. ஃபைல் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அது முழுதாக இறங்கவில்லை. ரைட் கிளிக் செய்து 'எப்போதும் இந்தக் கருவியில் வைத்திரு' என்பதைத் தேர்ந்தெடுத்து, இறங்கி முடிந்ததும் ஒன்டிரைவுக்கு வெளியே ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். கம்ப்யூட்டர் பெயர் ஒட்டிய இரண்டாவது பிஎஸ்டி ஏதாவது தென்பட்டால் அது ஒன்டிரைவ் போட்ட மோதல் நகல். இரண்டின் அளவையும் தேதியையும் ஒப்பிடாமல் எதையும் அழிக்க வேண்டாம். சில நாள் மெயில் ஒன்றிலும், சில நாள் மெயில் மற்றதிலும் இருக்கும்.

பிஎஸ்டியை இன்னொரு கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டரில் வைத்துத் திறப்பதை மைக்ரோசாப்ட் ஆதரிப்பதில்லை. நெட்வொர்க் ஒரு நொடி துண்டித்தாலும் ஃபைல் கெடும். லோக்கல் டிரைவுக்குக் காப்பி எடுத்துத் திறந்து பாருங்கள்.

அடுத்தது அளவு. அவுட்லுக் 2002 வரை உருவாக்கிய பழைய வகை பிஎஸ்டிக்கு 2 ஜிபிதான் உச்சம். 2003, 2007-இல் வந்த புதிய வகைக்கு இயல்பாக 20 ஜிபி. 2010 முதல் 50 ஜிபி. 50 ஜிபியைத் தொட்ட ஃபைலில் புது மெயில் சேராது, பிழை வரும். ரெஜிஸ்ட்ரியில் வரம்பை உயர்த்தலாம், ஆனால் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆண்டு வாரியாகப் புது பிஎஸ்டி உருவாக்கி நகர்த்துங்கள், பிறகு பழையதை காம்பாக்ட் செய்யுங்கள். பழைய வகை 2 ஜிபியைத் தாண்டி நின்றுவிட்டால் காப்பியின் வால் பகுதியை வெட்டிய பிறகுதான் பழுதுபார்க்க முடியும். வெட்டிய பகுதியில் இருந்த மெயில் போனது போனதுதான்.

## அறிகுறி: பிழை இருக்கிறது, இன்பாக்ஸ் ரிப்பேர் கருவியை ஓட்டு என்கிறது

80040600 என்று முடியும் பிழை எண்ணும் இதே குடும்பம். மெயில் அனுப்பி வாங்கும்போது கரன்ட் போனது, அவுட்லுக் ஓடும்போதே கம்ப்யூட்டரை அமுக்கி அணைத்தது போன்றவைதான் வழக்கமான காரணம். இதற்கு ஆபீஸுடனேயே வரும் ஸ்கேன்பிஎஸ்டி போதும். ஸ்டார்ட் மெனுவில் தெரியாது. புரோகிராம் ஃபைல்ஸ், மைக்ரோசாப்ட் ஆபீஸ், ரூட், ஆபீஸ்16 என்று போனால் இருக்கும். 32 பிட் ஆபீஸ் என்றால் 86 என்ற எண் ஒட்டிய இன்னொரு புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் பாருங்கள். 2013 பதிப்புக்கு ஆபீஸ்15, 2010-க்கு ஆபீஸ்14.

ஓட்டும் முறை:

1. டிரைவில் பிஎஸ்டியின் அளவுக்கு மேல் காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 18 ஜிபி ஃபைலுக்கு 20 ஜிபியாவது வேண்டும், ஏனென்றால் கருவி ஒரு பேக்கப் எழுதும்.
2. ஸ்கேன்பிஎஸ்டியில் காப்பி எடுத்த ஃபைலைக் காட்டி 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். எட்டுக் கட்டமாகச் சோதிக்கும். பெரிய ஃபைலில் சில மணி நேரம் ஆகும். நடுவில் 'பதிலளிக்கவில்லை' என்று ஜன்னல் வெளுத்துப் போனால் உடனே மூடாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.
3. பிழை பட்டியல் வந்ததும், பேக்கப் எடுக்கும் டிக் இருப்பதைப் பார்த்துவிட்டு 'ரிப்பேர்' கொடுங்கள்.
4. முடிந்ததும் மறுபடி ஓட்டுங்கள். ஒரு முறை ஓட்டிவிட்டு 'சரியாகவில்லை' என்று விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. முதல் ஓட்டத்தில் ஒரு அடுக்குப் பிழை சரியான பிறகுதான் அதன் கீழே இருக்கும் பிழை கண்ணுக்குத் தெரியும். ஏழெட்டு முறை கூட ஆகலாம். 'சிறு முரண்பாடுகள் மட்டுமே, பழுதுபார்ப்பது உங்கள் விருப்பம்' என்று வந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு லாக் ஃபைல் உருவாகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதைத் திறந்து பாருங்கள். பிழைகள் குறைந்துகொண்டே வந்தால் தொடருங்கள். அதே பிழை அதே எண்ணிக்கையில் மூன்று முறை வந்தால் ஸ்கேன்பிஎஸ்டியால் இதற்கு மேல் ஆகாது.

பழுது நீங்கிய ஃபைலில் அப்படியே வேலையைத் தொடர்வதும் தவறு. அவுட்லுக்கில் திறந்தால் 'லாஸ்ட் அண்டு ஃபவுண்டு' அல்லது 'ரெக்கவர்டு பர்சனல் ஃபோல்டர்ஸ்' என்ற ஃபோல்டர் தெரியும். எந்த ஃபோல்டருக்குச் சொந்தம் என்று தெரியாமல் போன மெயில்கள் அங்கே குவிந்திருக்கும். புதிதாக ஒரு பிஎஸ்டி உருவாக்கி, பழையதிலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராக இழுத்துப் போடுங்கள். ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரில் வந்து அவுட்லுக் உறைந்தால் அதற்குள் கெட்ட மெயில் ஒன்று இருக்கிறது. ஐம்பது ஐம்பதாகத் தேர்ந்தெடுத்து இழுங்கள், உறையும் ஐம்பதைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். கடைசியில் ஒரே ஒரு மெயில்தான் மிஞ்சும். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம். அலுப்பான வேலைதான், ஆனால் காசு கொடுத்து வாங்கும் கருவிக்கு முன் செய்து பார்க்க வேண்டியது.

## அறிகுறி: ஸ்கேன்பிஎஸ்டியே இது பிஎஸ்டி அல்ல என்கிறது

ஃபைலின் தலைப்பகுதி போயிருக்கிறது. எந்த அளவுக்கு என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஏதாவது ஒரு இலவச ஹெக்ஸ் எடிட்டரில் காப்பியைத் திறங்கள். வலப்பக்க எழுத்துப் பகுதியில், முதல் நான்கு இடங்களில் ஒரு ஆச்சரியக்குறியும், அதையடுத்து பி, டி, என் என்ற மூன்று பெரிய ஆங்கில எழுத்துகளும் இருக்க வேண்டும். அதே வரியின் எண் பகுதியில் பதினொன்றாவது பைட் 17 என்று இருந்தால் 2003-க்குப் பிந்தைய வகை.

அங்கே என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

தொடக்கம் சரி, ஆனாலும் ஏற்கவில்லை: ஃபைல் பாதியில் வெட்டுப்பட்டிருக்கலாம். காப்பி முழுதாக முடிந்ததா, அசலின் அளவும் காப்பியின் அளவும் பைட் சுத்தமாக ஒன்றா என்று பாருங்கள். லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ரீட்பிஎஸ்டி, பிஎஃப்எஃப்எக்ஸ்போர்ட் என்ற இரண்டு இலவசக் கருவிகளை ஓட்டச் சொல்லுங்கள். அவுட்லுக் மறுக்கும் ஃபைலிலிருந்தும் இவை சில சமயம் மெயிலை உருவி எடுக்கும்.

பி, கே என்று தொடங்குகிறது: அது ஜிப் ஃபைல். யாரோ பேக்கப் எடுத்து, ஃபைல் பெயரின் வாலை (புள்ளிக்குப் பின் வரும் பகுதியை) மாற்றியிருக்கிறார்கள். ஜிப் என்று பெயர் மாற்றித் திறங்கள்.

தொடக்கம் முழுக்கப் பூஜ்யம், கீழே இறக்கிப் பார்த்தால் எழுத்துகள் இருக்கின்றன: காசு கொடுத்து வாங்கும் பிஎஸ்டி மீட்புக் கருவிகளுக்கு இங்கேதான் இடம். சோதனைப் பதிப்பில் மெயிலின் பொருளும் உள்ளடக்கமும் இணைப்பும் முன்னோட்டமாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். ஃபோல்டர் பெயர்கள் மட்டும் தெரிவது போதாது. நல்ல பிஎஸ்டியின் தலையை வெட்டி இதில் ஒட்டினால் சரியாகும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். மெயில்கள் ஃபைலுக்குள் எங்கெங்கே இருக்கின்றன என்ற முகவரி அந்தத் தலையில்தான் இருக்கிறது. அடுத்த வீட்டு முகவரி உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

கடைசி வரை பூஜ்யம்: அதற்குள் மெயில் இல்லை, எந்தக் கருவியும் கொண்டுவராது. பழைய பேக்கப்பைத் தேடுங்கள். ஃபைலை ரைட் கிளிக் செய்து 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' தாவலையும் பாருங்கள்.

## அறிகுறி: ஓஎஸ்டி ஃபைலில் பிழை

அக்கவுன்ட் உயிரோடு இருந்தால் இதைப் பழுதுபார்க்க நேரம் செலவிட வேண்டாம். அவுட்லுக்கை மூடி, ஃபைலின் வாலில் 'பழையது' என்று சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். மறுபடி திறந்தால் சர்வரிலிருந்து புதிதாக இறங்கும். அதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: 'இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்' என்று குறித்த ஃபோல்டர்களும் அவுட்பாக்ஸில் தேங்கிய மெயிலும் சர்வரில் இருக்காது. ஐமேப் அக்கவுன்டில் காலண்டரும் கான்டாக்ட்டும் பெரும்பாலும் இந்த வகை.

வேலையை விட்டுப் போனவரின் அக்கவுன்டை சர்வரில் அழித்துவிட்டு ஓஎஸ்டி மட்டும் மிஞ்சியிருந்தால், அவுட்லுக் அதை வேறு புரொஃபைலில் திறக்காது. மேலே சொன்ன பிஎஃப்எஃப்எக்ஸ்போர்ட் அல்லது ஓஎஸ்டியை பிஎஸ்டியாக மாற்றும் கருவி வேண்டும். அக்கவுன்டை அழித்து சில நாள்தான் ஆகிறது என்றால் முதலில் நிர்வாகியிடம் கேளுங்கள். மைக்ரோசாப்ட் 365-இல் அழித்த பயனரை 30 நாளுக்குள் மீட்கலாம்.

## அறிகுறி: தண்டர்பேர்டில் ஃபோல்டர் காலி, அல்லது பட்டியல் ஒன்று திறப்பது வேறொன்று

தண்டர்பேர்ட் ஒரு விதத்தில் பரம சாது. ஒவ்வொரு ஃபோல்டரும் வால் இல்லாத ஒரு சாதாரண எழுத்து ஃபைல், அதன் பக்கத்தில் அதே பெயரில் எம்எஸ்எஃப் வாலுடன் ஒரு அட்டவணை. அட்டவணை கெட்டால் பட்டியல் குழம்பும். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுங்கள். சரியாகவில்லையா, தண்டர்பேர்டை மூடிவிட்டு எம்எஸ்எஃப் ஃபைலை மட்டும் அழியுங்கள். அடுத்த முறை திறக்கும்போது தானே புதிதாக எழுதிக்கொள்ளும். வால் இல்லாத ஃபைலை அழித்துவிடாதீர்கள், மெயில் அதில்தான்.

எல்லா அக்கவுன்டுமே காணோம் என்றால் புரொஃபைல் மாறியிருக்கிறது. ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் பக்கத்தைத் திறந்து, புரொஃபைல் பட்டியலுக்குப் போய், பழையதை டிஃபால்ட் ஆக்குங்கள்.

இன்பாக்ஸ் ஃபைலே மாயமாகிவிட்டது என்றால் சந்தேகப்படும் ஃபைலை ஆன்டிவைரஸ் ஒதுக்கி வைக்கும் குவாரன்டைனைப் பாருங்கள். வைரஸ் ஒட்டிய ஒரே மெயிலுக்காக மொத்த இன்பாக்ஸையும் அது தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

காம்பாக்ட் நடக்கும்போது கம்ப்யூட்டர் அணைந்தது என்றால் அதே ஃபோல்டரில் என்எஸ்டிஎம்பி என்ற பெயரில் பெரிய ஃபைல் கிடக்கும். அதன் காப்பிக்கு 'மீட்பு' என்று வால் இல்லாமல் பெயர் வைத்து, மெயில், லோக்கல் ஃபோல்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் போட்டுத் தண்டர்பேர்டைத் திறங்கள். ஒரு ஃபோல்டராகத் தோன்றும்.

மெயிலை அழித்து, குப்பையையும் காலி செய்துவிட்டார்கள் என்றால் காம்பாக்ட் ஓடாதவரை முழுசாக மீட்கலாம். பாப் அக்கவுன்டிலும் லோக்கல் ஃபோல்டரிலும் இது நன்றாக வேலை செய்யும். இன்டர்நெட்டைத் துண்டித்து, தண்டர்பேர்டை மூடி, இன்பாக்ஸ் ஃபைலின் காப்பியை நோட்பேட் பிளஸ் பிளஸில் திறங்கள். சாதாரண நோட்பேட் பெரிய ஃபைலுக்குத் திணறும். ஒவ்வொரு மெயிலும் 'ஃப்ரம்' என்று தொடங்கும் வரியில் ஆரம்பிக்கும். அதன் கீழே எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ் என்ற வரி, அதில் நான்கு இலக்க எண். 0001 என்றால் படித்தது, 0000 என்றால் படிக்காதது. 0009 என்றால் படித்து, பிறகு அழித்தது. 0008 என்றால் படிக்காமலே அழித்தது. அதாவது கடைசி இலக்கத்தில் 8 கூடினால் 'அழிந்தது' என்று முத்திரை. வேண்டிய மெயிலில் 0009-ஐ 0001 ஆக, 0008-ஐ 0000 ஆக மாற்றுங்கள். ஃபைல் முழுக்க 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தால் வேறு ஃபோல்டருக்கு நகர்த்திய பழைய மெயிலும் திரும்பி வந்து நிற்கும்; சில மெயில்தான் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக மாற்றுவதே மேல். இலக்கம் நான்காகவே இருக்கட்டும், எழுத்துக் குறியாக்கத்தை மாற்றாமல் சேமியுங்கள். சேமித்த ஃபைலை லோக்கல் ஃபோல்டர்ஸில் வேறு பெயரில் போட்டால் அழிந்த மெயில் எழுந்து உட்காரும்.

## அறிகுறி: ஃபைலையே அழித்துவிட்டோம், அல்லது விண்டோஸை மறுபடி போட்டுவிட்டோம்

முதலில் ரீசைக்கிள் பின். ஃபார்மேட் செய்யாமல் அதே பார்ட்டிஷனில் விண்டோஸ் போட்டிருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டருக்குள் யூசர்ஸ் இருக்கும். பத்து நாளில் விண்டோஸ் அதைத் தானே அழித்துவிடும், உடனே காப்பி எடுங்கள்.

அங்கும் இல்லையென்றால் அந்தக் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். மீட்பு மென்பொருளை அதிலேயே இறக்கி நிறுவுவது, தேடும் ஃபைலின் மேல் நீங்களே எழுதுவதற்குச் சமம். டிரைவைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். சாட்டா டிரைவுக்கு யுஎஸ்பி அடாப்டர் ரிச்சி தெரு மாதிரி எந்த எலெக்ட்ரானிக்ஸ் சந்தையிலும் கிடைக்கும். 3.5 அங்குல டிரைவுக்கு 12 வோல்ட் பவர் தனியாக வரும் அடாப்டர்தான் வேண்டும். எம்.2 குச்சி வகைக்கு, முனையில் ஒரு வெட்டா இரண்டு வெட்டா என்று பாருங்கள். இரண்டு வெட்டு பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு என்விஎம்ஈ. பெட்டி அதற்குத் தகுந்தாற்போல் வாங்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு. முதலில் ஃபைல் பெயரையும் இருந்த இடத்தையும் வைத்துத் தேடும் ரெக்குவா, டிஎம்டிஈ போன்றவை. அவை கைவிட்ட பிறகே ஃபோட்டோரெக். ஃபோட்டோரெக் பெயர் பார்க்காது, ஃபைலின் தொடக்கத்தைப் பார்த்து எடுக்கும். பல ஜிபி பிஎஸ்டி டிரைவில் துண்டு துண்டாகக் கிடக்கும் என்பதால், முதல் துண்டு மட்டும் சரியாக வந்து மீதி வேறு குப்பையாக இருக்கும். மீட்ட ஃபைலை வேறு டிரைவில் சேமியுங்கள்.

எஸ்எஸ்டி என்றால் அழித்த சில நொடியிலிருந்து நிமிடங்களுக்குள், டிரிம் என்ற வசதி அந்த இடத்தைத் துடைக்கச் சொல்லிவிடும். பெயர் கிடைக்கும், அளவு கிடைக்கும், திறந்தால் முழுக்கப் பூஜ்யம். ஒருமுறை ஸ்கேன் செய்து பூஜ்யம் வந்தால் கருவி மாற்றி மாற்றிக் காசு போடாதீர்கள்.

டிரைவ் முழுவதையும் ரகசியக் குறியீட்டால் பூட்டும் பிட்லாக்கர் சாவி கேட்டால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். மைக்ரோசாப்ட் அக்கவுன்டில் உள்நுழைந்த விண்டோஸ் 11 லேப்டாப்பில் உரிமையாளருக்கே தெரியாமல் இது போட்டிருக்கும். எண் அதே அக்கவுன்டின் பக்கத்தில் கிடைக்கும். எண் இல்லாவிட்டால் எந்த லேபும் உதவாது.

## அறிகுறி: டிரைவே சரியில்லை

'டிக் டிக்' என்று தட்டும் சத்தம், கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் பயாஸ் திரையிலேயே டிரைவ் தெரியாதது, கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது: இந்த நான்கில் எதுவாக இருந்தாலும் கரன்டை எடுத்துவிடுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் டிரைவுக்குள் சுழலும் தட்டின் மேல் கீறல் கூடலாம்.

சத்தம் இல்லாமல் மெதுவாக இருக்கிறது, காப்பி நடுவில் நிற்கிறது என்றால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். பிறகு டிரைவின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற கருவியில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். சி5-இல் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் படிக்க முடியாமல் டிரைவ் நிலுவையில் வைத்திருக்கும் இடங்கள் உள்ளன.

இந்த நிலையில் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்யும் கருவி, உங்கள் ஃபைலைக் காப்பாற்றும் கருவி அல்ல. சாகும் டிரைவில் அது மணிக்கணக்கில் எழுதித் தள்ளும். ஏற்கெனவே ஓட்டிவிட்டார்கள் என்றால், டிரைவின் வேரில் 'ஃபவுண்டு 000' என்ற மறைந்த ஃபோல்டரில் சிஎச்கே வாலுள்ள ஃபைல்களைப் பாருங்கள். பிஎஸ்டியின் அளவுக்குப் பெரிதாக ஒன்று இருந்தால் ஹெக்ஸ் எடிட்டரில் அதன் தொடக்கத்தில் மேலே சொன்ன ஆச்சரியக்குறியும் மூன்று எழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சரியான வழி, டிரைவ் முழுவதையும் வேறொரு பெரிய டிரைவுக்கு அப்படியே படமாக எடுப்பது. லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்து ஓட்டினால், நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடரும். முதல் ஓட்டத்தில் எளிதாக வருவதை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், கெட்ட இடத்தில் மோதுவது இரண்டாம் ஓட்டத்தில், மூன்று முயற்சியோடு நிறுத்துங்கள். கட்டளையில் எது மூலம், எது இலக்கு என்று இரண்டு முறை படியுங்கள். மாற்றிப் போட்டால் காலி டிரைவை உங்கள் மெயிலின் மேல் எழுதிவிடும். படம் கிடைத்த பிறகு அசலை ஒதுக்கி வைத்துவிட்டு, படத்திலிருந்து பிஎஸ்டியை எடுத்து ஸ்கேன்பிஎஸ்டியிலிருந்து தொடங்குங்கள்.

## அறிகுறி: ஃபைல் பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு வால், பக்கத்தில் பணம் கேட்டு ஒரு குறிப்பு

இது ரேன்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். பூட்டிய ஃபைலையும் குறிப்பையும் அழிக்காமல் வையுங்கள். 2016-இல் யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் உங்கள் வகைக்கு இலவசச் சாவி வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்டி பழுதுபார்க்கும் எந்தக் கருவியும் இதற்கு உதவாது.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

தட்டும் சத்தம், பயாஸில் தெரியாத டிரைவ், விழுந்தது, நனைந்தது ஆகியவை நேராக டேட்டா ரெக்கவரி லேபுக்கு. படம் எடுக்கும்போது வேகம் விழுந்துகொண்டே போய்ப் புதிய பிழைகள் கூடினாலும் நிறுத்திவிட்டு அங்கேதான். நனைந்த டிரைவை ஹேர் டிரையரால் காயவைக்காமல், பையில் போட்டுக் கட்டிக் கொடுங்கள். பக்கத்துச் சர்வீஸ் கடையில் 'திறந்து பார்க்கிறோம்' என்றால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தூசு படாத அறையில் திறக்க வேண்டிய பொருள் அது. வாரன்டியில் கொடுத்தால் புது டிரைவ் வரும், மெயில் வராது.

லேபில் கேட்க வேண்டியவை: சோதனைக் கட்டணம் தனியா, மீட்க முடியாவிட்டால் எவ்வளவு, பணம் கட்டுவதற்கு முன் ஃபைல் பட்டியல் காட்டுவார்களா, மீட்டதை எந்த டிரைவில் தருவார்கள். நீங்கள் சொல்ல வேண்டியவை: பிஎஸ்டியின் பெயர், இருந்த ஃபோல்டர், ஏறத்தாழ அளவு, அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து டிரைவில் என்னென்ன செய்தீர்கள். செக்டிஸ்க் ஓட்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறைத்தால் அவர்கள் தேடும் இடம் தவறிப்போகும். டிரைவ் முழுவதும் வேண்டாம், இந்த ஒரு ஃபைல் போதும் என்றும் சொல்லுங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிரைவில் அந்த ஃபைல் இருக்கும் இடத்தை முதலில் படிக்க அவர்களால் முடியும்.